சிவப்புத் தொப்பியும் பதினோரு க்ளிக்கும்

அந்த ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் வைத்த பெயர். படத்தில் விழுந்த முகத்தைத் திருத்துகிற வேலை அவளுடையது. பதினாறு வருஷமாக அதே நாற்காலி, அதே வேலை. வயதில் சின்னவர்கள் டச்சப் அக்கா என்பார்கள். அண்ணி கோபமாக இருக்கும் நாட்களில் டச்சப்பு என்று இழுப்பாள்.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு நேர் எதிரே, மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஸ்டூடியோ. படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உரிமத்துக்கோ வேலைக்கோ படம் எடுக்க வருகிறவர்கள்தான். அண்ணன் எடுப்பான். டச்சப் கணினியில் திருத்துவாள். அண்ணி அச்சான படத்தை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பாள். மூன்று பேரும் ஒரே அறையில் எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் டச்சப்புக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். மீதி இரண்டு மணி நேரம் அண்ணன் சாப்பிடப் போய்விடுவான்.

வருகிற ஒவ்வொருவரும் ஸ்டூலில் உட்காரும்போதே ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "கொஞ்சம் பார்த்துப் போடுங்க." பெண்கள் சொன்னால் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை. ஆண்கள் சொன்னால் பெரும்பாலும் தலை. வழுக்கையின் பளபளப்பைக் குறைக்க ஒரு க்ளிக், முன்நெற்றிக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்க இரண்டு, இருக்கிற முடியைக் கறுப்பாக்க ஒன்று, இல்லாத இடத்தில் பக்கத்திலிருந்து கடன் வாங்கிப் பரப்ப ஏழு என்று எல்லாம் சேர்த்துப் பதினோரு க்ளிக். பதினாறு வருஷத்தில் எத்தனை தலையை அப்படி மூடினாளோ, கணக்கில்லை.

தன் தலையை அவள் கண்டுபிடித்ததும் அந்த நாற்காலியில்தான். மருந்துக் கடைக்காரரின் கடை திறப்பு நாளன்று அண்ணி படிக்கட்டின் மேலிருந்து ஒரு கூட்டப் படம் எடுத்திருந்தாள். கீழே பதினைந்து தலைகள். அதில் ஒரு பெண்ணின் நடு வகிடு மட்டும் சாலை போல அகலமாக இருந்தது. பாவம் என்று நினைத்துக்கொண்டே டச்சப்பின் கை தானாக வேலையைத் தொடங்கியது. ஐந்தாவது க்ளிக்கில்தான் அந்தப் பெண் உடுத்தியிருந்த நீலச் சட்டை தன்னுடையது என்று புரிந்தது.

அதிர்ச்சி எல்லாம் இல்லை. எரிச்சல்தான். "எனக்குமா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்டிருக்க வேண்டியதே இல்லை. அப்பாவுக்கு வழுக்கை. அண்ணனுக்கு முப்பது வயதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவன் தலையில் விளக்கின் பிம்பம் விழுகிறது என்று ஸ்டூடியோவில் தொப்பியோடுதான் வேலை செய்வான். அத்தை ஐம்பது வயதில் வகிட்டை வலப்பக்கம் மாற்றினாள், ஐம்பத்தைந்தில் இடப்பக்கம், அறுபதில் மாற்ற வேறு பக்கம் இல்லாமல் துணி கட்டிக்கொண்டாள். அத்தையின் மூக்கு, அத்தையின் கோபம், அத்தையின் குதிகால் வெடிப்பு எல்லாம் டச்சப்புக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தன. இது ஒன்றுதான் பாக்கி. அதுவும் முப்பத்தெட்டு வயதில் வந்துவிட்டது.

அதன் பிறகு ஊரில் இருக்கிறவர்கள் எல்லோரும் மருத்துவர் ஆனார்கள். மருந்துக் கடைக்காரர் வெங்காயச் சாறு என்றார். அண்ணி, கவலைப்படாதே, கவலைப்பட்டால் கொட்டும் என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்லிக் கவலைப்பட வைத்தாள். படம் எடுக்க வந்த ஒரு அம்மாள் தலையைத் தடவியே பார்த்துவிட்டாள். டச்சப் தெருவில் குனிவதை நிறுத்தினாள். செருப்பு வார் அவிழ்ந்தால் காலைத்தான் மேலே தூக்கினாள். தலை கீழே போகவில்லை.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனாள். அவர் அவளைவிடச் சின்னப் பெண். தலையை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை, மருந்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரை வேண்டாம் என்று டச்சப் தலையை ஆட்டினாள். அப்போதுதான் வெளிச்சத் தொப்பியின் பேச்சு வந்தது. உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். வாரத்துக்கு மூன்று நாள், இருபத்தைந்து நிமிஷம் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

"முளைக்குமா?" என்று டச்சப் கேட்டாள்.

"செத்துப்போன வேர்ல எதுவும் முளைக்காது. உயிரோட இருக்கற வேருக்குத்தான் இது. சிலருக்கு மெலிஞ்ச முடி கொஞ்சம் தடிக்கும். சிலருக்கு இருக்கறது அப்படியே நிக்கும். சிலருக்கு ஒண்ணுமே ஆகாது."

"எனக்கு?"

"ஆறு மாசம் கழிச்சுச் சொல்றேன்" என்றார் மருத்துவர். "மாசம் ஒரு படம் எடுங்க. ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே தூரம். முடி காய்ஞ்சிருக்கணும். வகிடு நடுவுல. கண்ணாடியில தினம் பார்த்தா உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. நீங்கதான் ஸ்டூடியோக்காரங்களாச்சே! எங்க போனைவிட உங்க கேமரா நல்லாவே எடுக்கும்." சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

டச்சப் அந்தத் தாளை ஸ்டூடியோச் சுவரில் ஒட்டினாள். அண்ணனையும் அண்ணியையும் நிற்க வைத்து ஒரே தடவையில் சொல்லி முடித்தாள். "ஆறு மாசம். தேறுச்சுன்னு படத்துல தெரிஞ்சா தொப்பியைத் தொடருவேன். இல்லைன்னா இடுப்பு வரைக்கும் கிடக்கறதைக் காதளவுக்கு வெட்டிட்டு நிம்மதியா இருப்பேன். எனக்கு வேண்டியது ஒரு பதில். நடுவுல யாரும் யோசனை சொல்லக் கூடாது."

அண்ணன் உடனே யோசனை சொன்னான். "அப்பா படம் கழுவற இருட்டறையில சிவப்பு விளக்குதானே போடுவாரு? ஏன் போடுவாரு? சிவப்பு வெளிச்சம் போட்டோப் பேப்பரை ஒண்ணும் செய்யாது, அதனால. பேப்பரையே ஒண்ணும் செய்யாத வெளிச்சம் உன் மண்டையை என்ன செய்யப்போகுது?"

"என் மண்டை பேப்பரா?"

"நான் ஞாயமாக் கேக்கறேன்."

"ஞாயத்தை முடி இருக்கறவன் பேசட்டும்."

முதல் படத்தை மட்டும் அண்ணன் ஒழுங்காக எடுத்தான். உட்காரும் இடத்துக்குத் தரையில் நாடா ஒட்டினான். விளக்கை நேர் உச்சிக்கு மேல் நிறுத்தினான். ஏணியில் கேமராவைக் கட்டி, குனிந்த தலையை மேலிருந்து எடுத்தான். வெள்ளை வெளேரென்று வகிடு விழுந்தது. யாருக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை. "இதை யாருக்கும் காட்டிராத" என்றான்.

தொப்பி போடும் நேரம் திங்கள், புதன், வெள்ளி, மதியம். பின்னறையில் சுருட்டி வைத்த திரைத் துணிகளுக்கு நடுவே ஒரு முக்காலி. அண்ணி உள்ளே வந்து பேசுவாள், அண்ணன் உள்ளே வந்து மின்கம்பி தேடுவான். இருபத்தைந்து நிமிஷம் முடிந்ததும் தொப்பி நான்கு தடவை கூவும். ஸ்டூலில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவர் அப்போதுதான் திடுக்கிடுவார், அண்ணன் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர், "அம்மா, உள்ள தீப்பிடிச்சிருக்கு!" என்று கத்தினார்.

"தீ இல்லீங்க, முடி வளருது" என்றாள் அண்ணி, கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் மாதத்துக்கும் இரண்டாம் மாதத்துக்கும் படத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாம் மாதப் படம் திரையில் திறந்ததும் மூன்று பேரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள். வகிடு பாதியாகச் சுருங்கியிருந்தது. முடி கறுகறுவென்று இருந்தது.

"புடிச்சிடுச்சுடி!" அண்ணன் கையைத் தட்டினான். பேப்பரையே ஒன்றும் செய்யாத வெளிச்சத்தைப் பற்றி அதன் பிறகு அவன் மூச்சே விடவில்லை. கீழே இறங்கி மருந்துக் கடைக்காரரிடம் சொன்னான். அவர் வெங்காயத்தை விட்டுவிட்டுத் தொப்பி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான்காம் மாதமும் அப்படியே, ஐந்தாம் மாதமும் அப்படியே. டச்சப் சத்தம் போட்டுச் சந்தோஷப்படவில்லை. அவள் சுபாவம் அதில்லை. ஆனால் ஒரு நாள் காய்கறிக் கடை வாசலில், நாலு பேர் முன்னால், நன்றாகக் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். மாட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

ஆறாம் மாதப் படத்துக்கு ஒரு நாள் இருந்தது. பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் படபடவென்று படியேறி வந்தார். கையில் அவருடைய படம்.

"தங்கச்சி, இது யாரு?"

டச்சப் வாங்கிப் பார்த்தாள். "நீங்கதானே சார்?"

"அதைத்தான் நானும் சொன்னேன். எதிர்ல இருக்காரே அந்த ஆபீசர், உங்க தம்பியா, தம்பியை ஏன் கூட்டிட்டு வரலைன்னு கேக்கறாரு. அரை நாள் வரிசையில நின்னேன்." ஓட்டுநர் படத்தைத் தன் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். தலையில் முடி காதோரம் மட்டும்தான். படத்தில் ஒரு வயல்.

"நான் இவருக்கு இவ்வளவு போடவே இல்லையே" என்றாள் டச்சப். நேற்று நாற்பது படம். இந்தத் தலையைத் தொட்டதாகவே ஞாபகமில்லை. கணினியில் கோப்பைத் திறந்தாள். கேமராவிலிருந்து இறங்கிய நிமிஷத்திலேயே படம் இப்படித்தான் இருந்திருக்கிறது. அவள் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்காவது வரியில் 'தலை' என்று ஒன்று இருந்தது. பக்கத்தில் 'எல்லாப் படத்துக்கும், தானாக' என்று டிக் போட்டிருந்தது.

போட்டவள் அவளேதான். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையின் காவலாளிகள் நாற்பது பேர் அடையாள அட்டைக்காக ஒரே நாளில் வந்தார்கள். இருபத்திரண்டு வழுக்கை. ஆறாவது தலையில் விரல் வலி எடுத்தது. அந்தப் பதினோரு க்ளிக்கையும் ஒரு தடவை பதிவு செய்து, இனி வருகிற படத்துக்கெல்லாம் நீயே போட்டுக்கொள் என்று கணினிக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து நிறுத்த மறந்தாள். அதன் பிறகு தலைகளில் வேலை குறைந்ததும் அவளுக்கு உறைக்கவில்லை. முடி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்தது, அரைகுறையாக உள்ளவர்களுக்கு நிறைந்தது. நான்கு மாதத்தில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

நான்கு மாதம். டச்சப் விரல் விட்டு எண்ணினாள். இரண்டாம் படத்துக்கு அப்புறம், மூன்றாம் படத்துக்கு முன்னால்.

"அண்ணா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்ததால் அண்ணன் வந்து நின்றான். "மூணாவது மாசம் புடிச்சது தொப்பி இல்ல. நான்."

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "அசல் படம் கேமரா கார்டுல இருக்குமே?" என்றான்.

"கார்டைத் தினமும் சாயங்காலம் அழிச்சுத் துடைக்கறது யாரு?"

"கார்டு சுத்தமா இருக்கணும்ல..."

"ஆமா, ரொம்பச் சுத்தம். மூணு, நாலு, அஞ்சு எல்லாமே சுத்தம்." டச்சப் அந்த டிக்கை எடுத்தாள், மவுஸ் செத்துப்போகும் அளவுக்கு அழுத்தினாள். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் பொய் சொல்லட்டும். ஒரே ஒரு உண்மையான பதில் வேணும்னு கேட்டேன். அதையும் நானே திருத்தி வச்சிருக்கேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். "கவலைப்படாத, கவலைப்பட்டா..."

"அண்ணி!"

ஓட்டுநர் இந்தக் குடும்பத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை ஸ்டூலில் உட்கார வைத்துப் புதுப் படம் எடுத்தார்கள். ஒரு க்ளிக்கும் இல்லாமல் அச்சடித்துக் கையில் கொடுத்தாள் டச்சப். அவர் அதை ஜன்னலருகே கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார்.

"இவ்வளவு ஆயிடுச்சா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபீஸுக்கு இது. அந்தப் பழசுல ஒரு காப்பி போட்டுக் கொடுங்க தங்கச்சி, வீட்டுல மாட்டலாம்."

டச்சப்புக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஆனாலும் போட்டுக் கொடுத்தாள்.

முதல் படமும் இரண்டாம் படமும் டிக் போடும் முன் எடுத்தவை; அவை நிஜம். அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் ஆறாம் மாதப் படத்தை நிஜமாக எடுத்தால் முதல் படத்தோடு ஒப்பிடலாம். பதில் இன்னும் கிடைக்கும். மறுநாள் காலை கடை திறந்ததும் டச்சப் நாடா ஒட்டிய இடத்தில் உட்கார்ந்து குனிந்தாள். அண்ணன் விளக்கை உச்சிக்கு மேல் கொண்டுவந்தான். குனிந்த நிலையிலேயே தரையில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, நிழல் மெல்ல நகர்வது தெரிந்தது.

"அண்ணா, விளக்கை எங்க தள்ளற?"

"தள்ளலையே. கொஞ்சம் கூசுது."

"யாருக்குக் கூசுது? எனக்குக் கண்ணு கீழ இருக்கு."

விளக்கு திரும்பி வந்தது. உடனே தலையில் விரல் பட்டது. வகிட்டின் இரண்டு பக்கமும் இருந்த முடியை அந்த விரல் பூப்போல நடுவுக்கு ஒதுக்கியது.

"கையை எடு!"

"ஒரு முடி பறக்குதுடி."

"பறக்கட்டும்! ஒவ்வொரு மாசமும் இப்படித்தான் பண்ணியா?"

டச்சப் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் தன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நான் ஒண்ணும் பண்ணலை. கை பண்ணுது. இந்த ஸ்டூல்ல யாரு உக்காந்தாலும் அது பாட்டுக்குப் போகுது. வேணும்னே இல்ல." தொப்பியை மறுபடி தலையில் மாட்டினான். "முதல் மாசம் எடுத்தப்ப உன் மூஞ்சி போன போக்கு எனக்குப் பிடிக்கலை."

டச்சப்புக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் பின்னறைக்குப் போய் வெளிச்சத் தொப்பியை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள். "ரெண்டு கையாலயும் பிடி. கீழ போட்டா உடைஞ்சிடும். சுவரோரமா நில்லு. அண்ணி, நீங்க வாங்க. ஏணிக்கு அடியில நில்லுங்க. நான் சொன்னதும் ரிமோட் பட்டனை அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

முதல் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு விளக்கை அவளே நிறுத்தினாள். நிழல் நாடாவின் ஓரத்தில் சரியாக விழுகிறதா என்று பார்த்தாள். வகிட்டைச் சீப்பின் நுனியால் அவளே பிரித்தாள். குனிந்தாள். அண்ணன் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"அமுக்குங்க."

படம் திரையில் வந்தது. யாரும் திருத்தாத படம். இடப்பக்கம் முதல் மாதம், வலப்பக்கம் ஆறாம் மாதம். டச்சப் பெரிதாக்கினாள். வகிட்டின் அகலத்தை மூன்று இடத்தில் கோடு போட்டு அளந்தாள். முன்பக்கம், நடு, உச்சி. மறுபடி அளந்தாள்.

"நீ சொல்லு" என்றாள் அண்ணனிடம். "முப்பது வருஷமா தலையைப் பார்க்கற. பார்த்துப் போடாம சொல்லு."

அண்ணன் தொப்பியை இன்னும் இரண்டு கையாலும் பிடித்தபடியே திரைக்கு அருகே வந்தான். வெகு நேரம் பார்த்தான். "கூடலை" என்றான். "குறையவும் இல்ல. அப்படியே இருக்கு."

"அப்ப வேலை செய்யலைன்னு அர்த்தம்" என்று அவனே சேர்த்துக்கொண்டான்.

"எப்படிச் செய்யலை?" என்றாள் அண்ணி. "கொட்டிட்டே இருந்தது நின்னிருக்கே, அது வேலை இல்லையா?"

"தொப்பி இல்லாமலே நின்னிருந்தா?"

"நின்னிருக்காதுங்கறேன்!"

அவர்களைக் கத்த விட்டுவிட்டு டச்சப் மருத்துவருக்குப் படத்தை அனுப்பித் தொலைபேசியில் பேசினாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள், டீ குடிக்கப் போனது உட்பட. மறுமுனையில் மருத்துவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"பரம்பரையா வர்றதுல அப்படியே நிக்கறதும் நல்லதுதான்" என்றார். "ஆனா தொப்பியாலதான் நின்னுச்சுன்னு ஆறு மாசப் படத்தை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம். நிறுத்தினா, ஏதாவது பலன் இருந்திருந்தா அதுவும் போயிடும்."

"அப்போ தொடரணுமா, வேண்டாமா?"

"அது உங்க இஷ்டம்."

தொலைபேசியை வைத்துவிட்டு டச்சப் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். ஆறு மாதமாக அவள் கையில் இரண்டே வழிகள்தான் இருந்தன. தேறினால் தொப்பி, தேறாவிட்டால் கத்தரிக்கோல். வந்திருப்பது இரண்டிலும் சேராத பதில். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்று கடை தள்ளி இருக்கும் முடி வெட்டுகிற பெண்ணிடம் போய், காது வரைக்கும் என்று காட்டினாள். நல்ல முடி, யோசிச்சுக்கங்க என்று அந்தப் பெண் ஆரம்பித்ததும், "ஆறு மாசம் யோசிச்சாச்சு, வெட்டுங்க" என்றாள். கொண்டையைச் சுமந்த கழுத்து இத்தனை வருஷம் கழித்துக் காற்று வாங்கியது.

திரும்பி வந்தபோது அண்ணி கையிலிருந்த கத்தரிக்கோலை நழுவவிட்டாள். அண்ணன்தான் முதலில் பேசினான். "தேறலைன்னு முடிவு பண்ணிட்டியா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் வெட்டின?"

"வெட்டணும்னு தோணுச்சு. வெட்டினேன்." டச்சப் அவன் கையிலிருந்த வெளிச்சத் தொப்பியை வாங்கினாள், இந்த மனுஷன் அதை இன்னும் கீழே வைக்கவில்லை. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"நீளமெல்லாம் போயிடுச்சு. இனிமே பழைய படத்தோட எப்படி ஒப்பிடுவ?"

"வகிடு அதே இடத்துலதான் இருக்கு. அடுத்த மாசம் அண்ணி எடுப்பாங்க. நீ சுவரோரமா நிப்ப." பின்னறை வாசல் வரை போனவள் திரும்பினாள். "கீழ போய் மருந்துக் கடைக்காரர்கிட்ட சொல்லிடு. மூணாவது மாசம் புடிக்கலை, அவர் வாங்கறதா இருந்தா யோசிச்சு வாங்கட்டும்னு."

"நானா?"

"நீதானே ஓடிப்போய்ச் சொன்ன!"

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான். டச்சப் பின்னறை முக்காலியில் உட்கார்ந்தாள். கொண்டை இல்லாததால் தொப்பி முதல் தடவையாகத் தலையில் சரியாக அமர்ந்தது. ஆறு மாதமாக அது பின்னால் தூக்கிக்கொண்டு நின்றதை இப்போதுதான் உணர்ந்தாள். "சே, இதையும் யாரும் சொல்லலை" என்று திரைத் துணிகளைப் பார்த்துச் சொன்னாள்.

நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்த ஒருவர், முன்நெற்றியில் பத்து முடியைக் குறுக்கே வாரி ஒட்டிக்கொண்டு நின்றார். சிவப்பு வெளிச்சத்தில் இருந்தவளைக் கண்டு தயங்கினார். பிறகு எல்லோரும் சொல்வதைச் சொன்னார்.

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"ஆபீஸுக்கா, வீட்டுக்கா?" என்று கேட்டாள் டச்சப்.